ஒரு தடவைதான் கேட்பாள்

முதல் நாள் நான் மாடிக்குப் போனபோது, "காப்பி குடிக்கியளாக்கா?" என்று கேட்டாள். "வேண்டாம்மா" என்றேன். அவள் உள்ளே போய் ஒரு டம்ளர் காப்பி கலந்து எடுத்துவந்து, என் எதிரே உட்கார்ந்து, ஊதி ஊதித் தானே குடித்தாள்.

எங்கள் பக்கத்தில் முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்பது ஒரு மரியாதை. கேட்கிறவள் இரண்டாம் தடவையும் கேட்க வேண்டும். "அட, அரை டம்ளர்தான்" என்று கையைப் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வாங்கிக்கொள்வது. நான் அரக்கோணத்தில் பிறந்து, தெலுங்கு ஊரில், லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் முப்பது வருஷம் குடித்தனம் செய்தவள். தெலுங்கர், மராட்டியர், முஸ்லிம் என்று எத்தனையோ பேர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வேண்டாம் என்றதும் விட்டுவிட்ட வீட்டை அதுவரை பார்த்ததில்லை.

அன்று மாலை போனில் மகளிடம் சொல்லிக் குமுறினேன். அவள் சிரித்தாள்.

"வேணும்னா ஹவ், வேணும்னு சொல்லணும்மா. அந்த ஆன்ட்டி நீ சொன்னதைத்தான் எடுத்துக்கிட்டாங்க. நீ மனசுல நெனச்சது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதுதான் அந்த மாடி வீட்டுக்காரி. சொன்னதை வைத்துக்கொள்வாள், சொல்லாததைத் தானாக நினைத்துக்கொள்ள மாட்டாள். இது நல்ல குணமா கெட்ட குணமா என்று எனக்கு இன்றுவரை முடிவாகவில்லை.

அல்வாலில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் கீழே நான், எனக்கு நேர் மேலே அவள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. பாதுகாப்புத் துறை ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். கையில் ஆண்பிள்ளைக் கடிகாரம், கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. எங்கே போனாலும் ஒரு கோடு போட்ட நோட்டு.

ஓய்வு பெற்ற பிறகு அவள் பார்த்த வேலை விசித்திரமானது. சம்பளம் கிடையாது, ஆபீஸ் கிடையாது, முதலாளியும் கிடையாது. தமிழ் எழுத்தை வாய்விட்டு வாசிக்கும் ஒரு ஆப். கண் தெரியாதவர்களும் வயசானவர்களும் போனில் வைத்துக்கொண்டால், வருகிற செய்தியை அது படித்துச் சொல்லும். அதைச் செய்கிறவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். ஒருவர் ஈரோடு, ஒருவர் யாழ்ப்பாணம், ஒருவர் கனடா. யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆப்பின் உள்விவரம் மொத்தமும் ஊருக்கே திறந்து கிடக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தியும் அனுப்பலாம். அந்தத் திருத்தத்தைப் பேட்ச் என்பார்கள். இவளுடைய பாடு, வருகிற புகார்களை வாங்கிப் பிரிப்பது. இது புதுசு, இது போன மாசமே ஒருத்தர் சொன்னது, இதில் விவரம் போதாது என்று. பேட்ச் வந்தால் தன் போனில் போட்டு நாலு நாள் பார்த்துவிட்டு, சரி என்று பட்டால்தான் சேர்க்கச் சொல்வாள்.

யார் என்ன குறை சொன்னாலும் அவளிடம் நாலு கேள்வி இருந்தது. "முதல்ல என்ன செஞ்சிய? பொறவு என்ன செஞ்சிய? என்ன நடக்கும்னு நெனச்சிய? என்ன நடந்துச்சு?" கேட்டுவிட்டு, சொன்ன வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்வாள். ஆப்புக்கு மட்டும் என்றில்லை. ஒரு நாள் எங்கள் அடுக்குமாடிச் சங்கத் தலைவர் லிஃப்ட் ஓடவில்லை என்று மாடிப்படி அதிரத் தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தார். இவள் இறங்கி வந்து அவரிடமும் தெலுங்கிலேயே அந்த நாலையும் கேட்டாள். இரண்டாவது கேள்வியிலேயே, மேல்மாடியில் சாமான் இறக்கும்போது லிஃப்ட் கதவு மூடாமல் இருக்கத் தன் செருப்பை முட்டுக் கொடுத்தது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. செருப்பை எடுக்கப் படியேறிப் போனார். இவள் சிரிக்கக்கூட இல்லை.

இன்னொரு தடவை எவனோ ஒருவன் ஆப்பைப் பற்றிக் கண்டபடி திட்டி எழுதியிருந்தான். மகள் அதை வாசித்துக் காட்டியபோது எனக்கே ரத்தம் கொதித்தது. அவள் எழுதிய பதில்: சிரமத்துக்கு வருந்துகிறோம், எந்த போன், எந்த இடத்தில் நின்றது. அவன் மறுபடியும் திட்டினான். திட்டுக்கு நடுவே போனின் பெயரும் இருந்தது. அவள் கல்லைத் தள்ளிவிட்டு அரிசியை எடுக்கிற மாதிரி அதை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். சக்கரத்தைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, சத்தத்தை வைத்தே விரிசலைச் சொல்வார். அதை அவளிடம் பெருமையாகச் சொல்லி, ஆளைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்கிறதும் ஒரு வேலையா என்றேன்.

"சாருக்கு சக்கரம் பக்கத்துல இருந்துச்சுக்கா. எனக்குப் போனு கனடாவுல இருக்கு" என்றாள்.

நான் அவர் பெருமையை மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். 

அவளை எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காப்பி காரணமில்லை. என் மகள்தான் காரணம். அவள் எனக்கு ஒரே பெண். அப்போது ஜீடிமெட்லாவில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு அங்கே மருந்துக் கம்பெனியில் ஷிப்ட் வேலை, இவளுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்குவாள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் என்னுடையது. அப்படி ஒரு ஞாயிறு, மேல்வீட்டு மிக்சி ஜாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனவள் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாள். அடுத்த வாரம் "பத்து நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கடுத்த வாரம் அதையும் சொல்லவில்லை. அவளும் ஆப்புக்குப் பேட்ச் எழுதத் தொடங்கியிருந்தாள்.

மகளின் முதல் பேட்சை இவள் திருப்பி அனுப்பிவிட்டாள். ஒரே பேட்சில் மூன்று காரியம் செய்திருந்தாளாம். "ஒண்ணொண்ணா அனுப்பும்மா. ஒண்ணு கெட்டா மத்த ரெண்டையும் சேத்துத் தூக்க வேண்டாம்லா" என்றாளாம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இனி மாடிக்குப் போகமாட்டாள் என்று அன்றைக்குப் பாயசமே வைத்தேன். மகள் அதை மூன்றாகப் பிரித்துக்கொண்டு மூன்று வாரமும் போனாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மகள் பள்ளியில் படித்தது தெலுங்கும் இங்கிலீஷும். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரிந்த எழுத்தையாவது அவளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று சிலேட்டோடு எத்தனையோ நாள் துரத்தியிருக்கிறேன். "நக்கோ மா, வேண்டாம்" என்று ஓடிவிடுவாள். அவள்தான் முப்பத்தாறு வயசில், தமிழ் ஆப்புக்கு வேலை செய்ய வேண்டுமென்று, மாடியில் உட்கார்ந்து அ, ஆ எழுதிப் பழகினாள். ஒரு நாள் இறங்கி வந்து என் பேப்பரை எடுத்துத் தலைப்பை வாசித்துக் காட்டினாள். எனக்கு முன்னால் முடித்துவிட்டாள். நான் "ம்" என்றேன். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் எனக்கு முழங்கால் வலி. படியில் என்னைப் பார்த்தவள் நாலு கேள்வியோடு ஐந்தாவதாக ஒன்று கேட்டாள்: "எந்தக் கிழமையில கூடுதலா வலிக்கி?" ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்குத் தெரியும். எட்டரை மணியிலிருந்து மகளுக்காக வாசல் கேட் பக்கம் நின்றால் வலிக்காதா. "கிழமையெல்லாம் யார் பாத்தா" என்றேன். 'கிழமை தெரியாது' என்று நோட்டில் குறித்துக்கொண்டு மேலே போனாள்.

மகள் என் போனிலும் அந்த ஆப்பைப் போட வந்தாள். வேண்டாம் என்றேன். அவள் என் மகள். இரண்டாம் தடவை கேட்டாள், மூன்றாம் தடவை கேட்காமலே போட்டுவிட்டாள்.

பொய் சொல்வானேன், அது எனக்கு உதவியாகத்தான் இருந்தது. காலையில் பால்கனியில் தமிழ்ப் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவது என் வழக்கம். அடுக்குமாடியில் எல்லாரும் என்னைப் படிப்பாளி என்று நினைத்திருந்தார்கள். எழுத்துக்கூட்டி ஒரு தலைப்பை முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும் என்பது யாருக்கும் தெரியாது. இந்த ஆப் வாசிக்கும்போது திரையில் ஒவ்வொரு வார்த்தையும் பெரிசாக, மஞ்சளாக, எழுந்து எழுந்து மறையும். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி. யார் கண்ணிலாவது அது பட்டால் என் மானம் என்ன ஆவது. அதனால் வாசிக்க விட்டுவிட்டு, போனைக் கவிழ்த்து, அதன்மேல் பேப்பரைப் போட்டுவிடுவேன். சத்தம் கேட்டால் ரேடியோ என்று நினைத்துக்கொள்ளட்டும்.

பொங்கல் சமயத்தில் அல்வால் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கோயிலுக்குப் போக வேன் வைத்திருந்தார்கள். செய்தி போனில் வந்தது. ஆப் வாசித்தது, "செய்தி முடிந்தது" என்று அதுவே சொன்னது. ஏழு மணிக்கு நான் பட்டுப்புடவையும் டிபன் டப்பாவுமாகத் தெருமுனையில் நின்றேன். ஏழேகால் வரை நின்றேன். திரும்பி வரும்போது மாடி பால்கனியிலிருந்து அவள், "வேன் ஆறு மணிக்கே போயிட்டேக்கா. நேரம் மாறிட்டுன்னு கடைசியில போட்டிருந்தாவளே" என்றாள்.

இரக்கப்பட்டுச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். மணி சொல்கிற மாதிரி சொன்னாள்.

"உன் ஆப்தான் பாதியை முழுங்கிடுச்சு. ஊர்ல இருக்கிற புகாரையெல்லாம் வாங்குறியே, இதையும் வாங்கிக்கோ" என்றேன். குத்திக் காட்டத்தான் சொன்னேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டோடு இறங்கி வந்துவிட்டாள்.

நாலு கேள்விக்கும் பதில் சொன்னேன். திறந்தேன், தொட்டேன், வாசித்தது, முடிந்தது என்றது. கவிழ்த்து வைத்ததை மட்டும் சொல்லவில்லை.

"வேற ஒண்ணும் செய்யலியே?"

"வேற இன்னா செய்வாங்க?"

அதையும் அவள் ஒரு தடவைதான் கேட்டாள்.

பிறகு ஒரு வாரம் அந்தச் செய்தியைத் தன் போனில் வைத்து விதவிதமாக வாசிக்க வைத்தாள். என் தலைக்கு மேலே சமையலறையிலும் கூடத்திலும் பால்கனியிலும், வேன் ஏழு மணிக்குப் பதில் ஆறு மணிக்கே புறப்படும், வேன் ஏழு மணிக்குப் பதில் ஆறு மணிக்கே புறப்படும் என்று ஏழு நாள் கேட்டேன். தவறவிட்ட வேனை அத்தனை தடவை யாரும் தவறவிட்டிருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் இருக்கும்போதே வந்து சொன்னாள்: "என்னால அந்தப் பிழையத் திரும்ப வரவழைக்க முடியலக்கா. இப்போதைக்கு இந்தப் புகார மூடுதேன். மறுபடி வந்தா சொல்லுங்க, தொறந்துக்கலாம்."

அந்த வேலையில் அது வழக்கமான பேச்சு என்றாள் மகள். கண்ணால் பார்க்காத பிழையை எங்கே போய்த் திருத்துவது என்றாள். என் காதிலோ, நான் பொய்க்காரி என்று மகள் முன்னால் சொன்ன மாதிரி விழுந்தது. ஒரு பாதியை மறைத்துத்தானே சொல்லியிருந்தேன். அதனால் கோபம் இன்னும் ஏறியது.

இரண்டு மாதம் கழித்து மகளிடமிருந்து நீளமாக ஒரு செய்தி வந்தது. தமிழில். அவள் எனக்கு எழுதிய முதல் கடிதம். வழக்கம்போல் வாசிக்க விட்டுக் கவிழ்த்து வைத்தேன். மாப்பிள்ளைக்குப் பட்டான்செருவுக்கு மாற்றல் வந்துவிட்டது, அங்கேயே வீடு பார்த்தாயிற்று, அல்வாலுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், இனிமேல் வாராவாரம் வர முடியாது. "செய்தி முடிந்தது" என்றது. நான் பேப்பரை எடுத்து மடித்தேன். அழவில்லை. குரல் பதிவு அனுப்பினேன்: "சரிம்மா. நல்லபடியா போயிட்டு வாங்க."

அடுத்த ஞாயிறு வந்தவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், மேலே போனாள். மூன்று மணி நேரம் கழித்து இறங்கியபோது கண் சிவந்திருந்தது. என்னிடம் ஒன்றும் சொல்லாமல் ஸ்கூட்டியை எடுத்தாள். பிரியப் போகிறாள், சரி. என் மகள் அழுவதற்கும் மாடிக்குத்தான் போக வேண்டுமா.

மறுநாள் காலையில் படியேறினேன். சண்டை போடத்தான்.

"எம் பொண்ணை இன்னா சொல்லி அழவெச்சே?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா" என்றாள். "அவ கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னிய?"

"அவ எங்கே கேட்டா? போறேன்னா. சரின்னேன்."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். என் மகள் என்ன கேட்டிருந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். அது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அதைத் தன் வாயால் சொல்லவில்லை. நோட்டை எடுத்தாள்.

"அந்தச் செய்திய எப்படிக் கேட்டிய? முதல்ல என்ன செஞ்சிய?"

   என் போனை அவள் மேஜையில் வைத்து, அந்தச் செய்தியை வாசிக்க விட்டு, கவிழ்த்து, அவள் வீட்டுப் பேப்பரை எடுத்து மேலே போட்டேன். வாயால் சொல்ல முடியாததால் கையால் செய்து காட்டினேன்.

மாற்றல், வீடு, இரண்டு பஸ். "செய்தி முடிந்தது."

அவள் பேப்பரை எடுத்து, போனைத் திருப்பித் திரையைப் பார்த்தாள்.

"முடியலக்கா. இன்னும் இருக்கு. வாசிக்கட்டா?"

"வேண்டாம்" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன வேண்டாம்களில் அது ஒன்றுதான் நிஜம். அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு, பால்கனிப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

எனக்கு வாய்விட்டுத்தான் படிக்க வரும். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். 'உன்னைத் தனியா விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. உனக்குன்னு ஒரு ரூம் இருக்கு. நீயும் எங்களோட வந்துடும்மா. யோசிச்சுச் சொல்லு.' நாலே வரி. வெகுநேரம் ஆனது. அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வரேன் என்று சொல்ல வேண்டும். குரலில் சொல்லியிருக்கலாம். மகள் எழுதிக் கேட்டதற்கு எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது. வ கிடைத்தது. ரே கிடைக்கவில்லை. எங்கெங்கோ தொட்டேன். இதற்குள் அவள் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அவள் விரல் துடித்ததைப் பார்த்தேன். நான் கேட்கவில்லை, அவள் தொடவில்லை. கடைசியில் ரேயும் கிடைத்தது.

"காப்பி குடிக்கியளாக்கா?"

"குடு" என்றேன், முதல் தடவையே.

நான் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கம்ப்யூட்டரில் பழைய புகாரைத் திறந்தாள். நான் செய்து காட்டியதை வரிசையாக எழுதினாள். 

"ஏன் கவுத்து வெச்சேன்னும் எழுதுவியா?"

"என்ன செஞ்சியன்னுதான் எழுதுவேன். ஏன்னு எழுத மாட்டேன்" என்றாள். கடைசியில் ஒரு வரி சேர்த்து, எனக்கும் படித்துக் காட்டினாள்: 'பயனர் சொன்னது சரி. நான் மூடியது தவறு.'

அந்த வரிக்காக அவளை ஒரு நாள் முழுக்க எனக்குப் பிடித்திருந்தது.

"பேரு போடட்டாக்கா? பிழையைச் சொன்னவங்க பேரைப் போடுறது வழக்கம்."

"எனக்கெதுக்கும்மா பேரு, வேண்டாம்" என்றேன். காப்பியில் திருந்தியிருந்தேன். பெயரில் பழைய வழக்கம் முந்திக்கொண்டது. காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் தடவைக்காகக் காத்திருந்தேன். அவள் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

பட்டான்செருவுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. எனக்கென்று ரூம் இருக்கிறது. அவளும் அல்வால் வீட்டைக் காலி செய்துகொண்டு தங்கை ஊருக்குப் போய்விட்டாள். பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் இந்த வீட்டில்தான் இருக்கிறாள். மகள் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு தனக்குத்தானே சிரிப்பாள். யாருடி என்பேன், தெரிந்துகொண்டே. "ஆன்ட்டிம்மா. உன் முழங்கால் எப்படி இருக்குன்னு கேக்கறாங்க" என்பாள். எந்தக் கிழமை என்றும் கேட்டாளா என்பேன். "கைக்கு மா?" என்று அந்த ஊர் உருதுவில் கேட்டு விழிப்பாள், ஏன் கேட்கிறேன் என்பது அவளுக்குப் புரியாது.

கவிழ்த்த போனில் திரை அணைந்ததும் வாசிப்பும் பாதியில் நின்றுவிடுகிற அந்தப் பிழையைத் திருத்திய பேட்ச் என் மகள் எழுதியது. ஆப்பில் அது சேர்ந்ததும் அந்தப் பக்கத்தைக் காட்டினாள். இப்போது நானும் நினைத்தபோதெல்லாம் எடுத்துப் பார்க்கிறேன், எழுத்துக்கூட்டி. எழுதியவர் என்று என் மகள் பெயர். அதன் கீழே, சோதித்தவர் என்று அவள் பெயர். இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தாயும் மகளும் மாதிரி நிற்கின்றன. அதற்கும் கீழே, தெரிவித்தவர்: அல்வாலிலிருந்து ஒரு பயனர். அல்வாலையும் விட்டு வந்தாயிற்று.

இந்த நாலு வருஷத்தில் கொஞ்சம் எழுதப் பழகி, இதை நான் எழுத உட்கார்ந்தபோது மகள் எட்டிப் பார்த்தாள். ஆன்ட்டியைப் பற்றியா, அவங்க பேரைப் போடப்போறியா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு அவள் லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதையும் மாடியில்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள்.